சாம்பிளுக்கு பில் எங்கே?

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப் புடவைகளுக்கு அடியில் வெளுத்துப்போன பழைய ஜாக்கெட் ஒன்று இருக்கும். அதை யாரும் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் பழைய துணி எடுக்க வருகிறவரிடம் தூக்கிப் போடவும் மாட்டார்கள். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் அது கூடவே பையில் போகும், பத்திரமாகத் திரும்பி வரும். டெய்லர் அதைத் தொலைத்துவிட்டால் அன்றைக்கு அந்தக் கடையில் நடக்கிற சண்டையைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

மயிலாப்பூரிலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறிப் போன பிறகும், பழைய டெய்லரைத் தேடி பஸ் ஏறி வருகிற பெண்கள் உண்டு. ஏன் வருகிறார்கள்? தாம்பரத்தில் தையல் மெஷின் இல்லையா? எல்லாம் இருக்கிறது. ஆனால் 'வெட்டு' அந்தப் பழைய ஆளிடம்தான் இருக்கிறது. துணியை யாரும் வாங்கிவிடலாம், தையலை யாரும் போட்டுவிடலாம், வெட்டுதான் வித்தை என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கே தெரியும்.

அவர்களுக்குத் தெரிந்தது, வருஷத்துக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற திருப்பூருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்த வித்தையை வெளிநாட்டு பையருக்கு ஓசியில் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 'சாம்பிள்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் அந்த ஓசியைப் பற்றித்தான் உங்களிடம் பேசப்போகிறேன். 'பனியன் கம்பெனிக்காரர்கள் பிரச்னை, எனக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் உடம்பும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

* * *

முதலில், சாம்பிள் என்றால் என்ன? கடையில் ஊதுபத்திக்கு இலவசமாகத் தருகிறார்களே, அந்த மாதிரி ஒன்று என்று நினைத்தால் தப்பு. அங்கே ஊதுபத்தி ஏற்கெனவே தயார். ஆயிரத்தில் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். ஆடை சாம்பிள் விஷயம் நேர் எதிர். அந்த ஆடை உலகத்திலேயே இன்னும் பிறக்கவில்லை. இனிமேல்தான் பிறக்கணும்.

பையரிடமிருந்து ஒரு படம் வரும். கூடவே அளவுகள் எழுதிய ஒரு தாள். மார்பு இவ்வளவு, உயரம் இவ்வளவு, கழுத்து இறக்கம் இவ்வளவு. சில நேரம் அதுகூட வராது. 'இந்த மாதிரி, ஆனால் இன்னும் கொஞ்சம் ஸ்டைலா' என்று ஒரு போட்டோ மட்டும் வரும். மெர்ச்சண்டைசர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பேட்டர்ன் மாஸ்டரிடம். அவர்தான் அந்தப் படத்தை அட்டையில் கோடுகளாக மாற்றுகிறவர். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று தனித்தனி அட்டைகள். தட்டையான துணி அந்த அட்டையின்படி வெட்டித் தைக்கப்பட்டால், உருண்டையான ஒரு மனித உடம்பின் மேல் சுருக்கமில்லாமல் உட்காரணும். அதுதான் பேட்டர்ன்.

பிறகு சாம்பிள் டெய்லர். பெரிய ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் டெய்லர்களில் ஒருவர் நாள் முழுக்கத் தோள் மட்டும் மூட்டுவார், இன்னொருவர் கை மட்டும் மூட்டுவார். சாம்பிள் டெய்லர் அப்படி இல்லை. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாவற்றிலும் உட்கார்ந்து முழு உடுப்பையும் தானே முடிக்கத் தெரிந்தவர். 'இந்த இடத்தில் தையல் ஏறாது, கோட்டை மாற்றுங்க' என்று மாஸ்டரிடமே சொல்லக்கூடியவர்.

இப்படிப் பிறக்கிற முதல் உடுப்புக்கு 'புரோட்டோ' என்று பெயர். அது போகும். 'கழுத்து அரை சென்டிமீட்டர் ஏத்துங்க, கை லூஸ் குறைங்க' என்று பதில் வரும். மறுபடி அட்டை, மறுபடி வெட்டு. இது 'ஃபிட் சாம்பிள்'. அதிலும் குறை சொன்னால் இரண்டாவது ஃபிட். பிறகு எல்லா சைஸிலும் ஒவ்வொன்று, அது 'சைஸ் செட்'. பையரின் விற்பனையாட்கள் கடைகடையாகக் காட்ட ஒரு செட். மாடல் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்க ஒரு செட். உண்மையான துணி, நூல், பட்டன், லேபிள் வைத்து உற்பத்திக்கு முன் ஒரு சாம்பிள். கடைசியாகக் கப்பலேறும் சரக்கிலிருந்து ஒன்று. ஒவ்வொரு தடவையும் பையருக்கு அனுப்பியது போக ஒரு பிரதியைக் கம்பெனியும் வைத்துக்கொள்ளணும்.

இத்தனையும் சாம்பிள்தான். நடுவில் எங்கே வேண்டுமானாலும் பையர் 'இந்த சீசனில் இந்த ஸ்டைல் டிராப்' என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போகலாம். போகிறார்கள். நடந்த வேலைக்குப் பணம்? 'சாம்பிள்தானே சார்!'

* * *

பேட்டர்ன் மாஸ்டர் என்ன பெரிதாகச் செய்துவிடுகிறார், அளவு தாள்தான் பையரே கொடுக்கிறாரே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதிலும் இரண்டு வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டவர்கள் கூடுதலாகக் கேட்பார்கள்.

உயரம் 70 சென்டிமீட்டர் வேண்டும் என்று தாள் சொல்கிறது. பின்னல் துணி தண்ணீரில் போட்டால் சுருங்கும். ஐந்து சதவீதம் சுருங்குகிற துணியாக இருந்தால், துவைத்த பிறகு 70 நிற்க, 73.7 வெட்டணும். அகலத்தில் சுருக்கம் வேறு மாதிரி. அடுத்த லாட் துணியில் இன்னொரு மாதிரி. இதற்கு மேல் மடிப்புக்கு, தையலுக்குத் தனியாக விடணும்.

நீங்கள் வாங்கின டி-ஷர்ட் இரண்டு வாஷுக்குப் பிறகு முறுக்கிக்கொண்டு, பக்கவாட்டுத் தையல் வயிற்றுப் பக்கம் வந்து நின்றிருக்கிறதா? நூலில் இருக்கும் முறுக்கு, சிங்கிள் ஜெர்ஸி துணியைத் திருப்புகிற வேலை அது. துணியைத் தொட்டுப் பார்த்ததும் 'இது திரும்பும், மறுபடி ஃபினிஷிங்குக்கு அனுப்பு' என்று சொல்கிற ஒரு ஆள் அந்தக் கம்பெனியில் இல்லை, அல்லது அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

கழுத்தில் ஒரு ரிப் பட்டை இருக்கிறதே, அதைக் கழுத்துச் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக வெட்டி, இழுத்து மூட்டணும். ரொம்பக் குறைத்தால் கழுத்து சுருங்கும். குறைக்காவிட்டால் 'ஆ'வென்று வாய் பிளந்து நிற்கும். குழந்தை உடுப்பில் இன்னும் சங்கடம். உடம்போடு பார்த்தால் குழந்தைகளுக்குத் தலை பெரிசு. அளவு தாளில் கழுத்து அழகாக இருக்கும். தைத்து முடித்தால் தலை நுழையாது.

எம் சைஸை எல் சைஸாக மாற்றுவதும் ஜெராக்ஸ் மெஷினில் பெரிதாக்குகிற சமாசாரம் கிடையாது. வயிறு பெருக்கிற அளவுக்கு மனுஷனுக்குக் கழுத்தும் தோளும் பெருப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் உடுப்பு தோளிலிருந்து நழுவும். எந்த இடத்தில் எவ்வளவு கூட்டணும் என்பதற்கு அட்டவணை உண்டு. அட்டவணை ஏமாற்றும் இடம் எது என்பது மாஸ்டரின் தலைக்குள் இருக்கிறது.

பி.காம். படித்தவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு லட்சம் டி-ஷர்ட் ஆர்டர். ஒன்றுக்கு 200 கிராம் துணி என்றால் மொத்தம் 20 டன். அட்டைகளைத் துணியின் மேல் இடைவெளியில்லாமல் அடுக்குகிற விதத்தில் மாஸ்டர் ஒரே ஒரு சதவீதம் மிச்சம் பிடித்தால் 200 கிலோ துணி மிச்சம். கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் 80,000 ரூபாய். ஒரே ஆர்டரில்! அந்த 80,000 லாபக் கணக்கில் முதலாளி பேரில் ஏறும். அதை மிச்சம் பிடித்தவர் சம்பளம் 'ஓவர்ஹெட்' என்ற தலைப்பில், கரண்ட் பில்லுக்கும் டீச் செலவுக்கும் நடுவில் செலவாக உட்கார்ந்திருக்கும்.

* * *

இப்போது அந்த ஓவர்ஹெட்டுக்கு வருகிறேன். அதுதான் இந்த விவகாரத்தின் ஆணிவேர்.

ஏற்றுமதியாளர்களிடம் கேட்டால், 'சாம்பிள் செலவையெல்லாம் பீஸ் விலையிலேயே சேர்த்துவிடுகிறோம், நாங்கள் என்ன முட்டாள்களா?' என்பார்கள். சரி, சேர்த்துப் பார்ப்போம். ஒரு ஸ்டைலை முதல் அட்டையிலிருந்து கடைசி சாம்பிள் வரை கொண்டுபோக நூல், சாயம், பிரிண்டிங் ஸ்கிரீன், கூலி, கூரியர் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீசனில் 100 ஸ்டைல் செய்கிறீர்கள். செலவு 8 லட்சம். ஆர்டராக மாறியது 20. ஆக, ஒவ்வொரு ஆர்டரின் தலையிலும் 40,000 ரூபாய். அதாவது தன் செலவு 8,000, பிறர் கைவிட்டுப்போன செலவு 32,000. எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. கணக்கின் வழி நிஜம்.

இந்த 32,000 ரூபாயை யாரிடமிருந்து வசூலிக்கிறீர்கள்? சாம்பிளை வாங்கிப் பார்த்துவிட்டு 'டிராப்' சொன்ன பையரிடமிருந்தா? அவர் போய்விட்டார். ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்தா? அவர் ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார். விலை ஏறாது. அப்போது அந்தப் பணம் எங்கிருந்து வரும்? தையல் கூலியில் குறையும். ஓவர்டைமில் குறையும். மாஸ்டரின் சம்பள உயர்வு அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போகும்.

கணக்கில் எழுதாத செலவை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆகணும். இது திருப்பூர் தன் அனுபவத்திலேயே படித்த பாடம். சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற செலவு வருஷக்கணக்கில் எந்தப் பனியனின் விலையிலும் முழுசாக ஏறவில்லை. நொய்யல் ஆறு அதைக் கட்டியது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயி கட்டினார். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே சேர்ந்து கட்டியது. சாம்பிள் விஷயத்தில் ஆறு கறுக்கவில்லை. அதனால் யாருக்கும் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களையே கேட்கிறேன். வீடு கட்ட பிளான் போட்டுக் கொடுத்த இன்ஜினீயரிடம், 'உங்க பிளான் பிடிக்கலை, காசு கிடையாது' என்று சொல்ல முடியுமா? டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நீங்கள் வாங்காவிட்டால் கன்சல்டேஷன் ஃபீஸைத் திருப்பித் தருவாரா? ஜாதகம் பொருந்தவில்லை என்பதற்காக ஜோசியர் தட்சிணையைத் திருப்பித் தந்து பார்த்திருக்கிறீர்களா? மூளையால் செய்கிற வேலைக்கு முடிவு எப்படி இருந்தாலும் கூலி உண்டு என்பது நம் ஊரில் ஜோசியருக்குக்கூடக் கிடைத்துவிட்ட மரியாதை. பேட்டர்ன் மாஸ்டருக்குக் கிடைக்கவில்லை.

* * *

'உலகம் பூரா இப்படித்தான் சார்' என்பார்கள். உலகம் பூரா எப்போதும் இப்படி இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பாரிஸ் டிசைனர்களின் புது உடுப்புகளைப் பார்க்க அமெரிக்க வியாபாரிகள் சீசனுக்கு சீசன் விமானம் ஏறிப் போவார்கள். வாசலில் சும்மா உள்ளே விட மாட்டார்கள். 'கோஷன்' என்று ஒரு தொகை கட்டணும். பார்ப்பதற்கே பணம்! பிடித்த உடுப்பை வாங்கினால் அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்வார்கள். வாங்காவிட்டால் கட்டின பணம் போச்சு. தைத்த உடுப்பு வேண்டாம், காடாத் துணியில் செய்த மாதிரி போதும், அல்லது காகித பேட்டர்ன் மட்டும் போதும் என்றால் அதற்கும் தனி விலை. அந்தப் பேட்டர்னை வைத்து அமெரிக்காவில் தைத்து விற்கிற உரிமைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. பேட்டர்ன் சொத்து என்பதை விற்றவனும் புரிந்துகொண்டிருந்தான், வாங்கினவனும் புரிந்துகொண்டிருந்தான்.

அதற்கும் முன்னால், 1863-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்று ஒரு டெய்லர், வெவ்வேறு சைஸ்களில் காகித பேட்டர்ன்களை வெட்டி, உறையில் போட்டு விற்க ஆரம்பித்தார். துணி விற்கவில்லை, உடுப்பு விற்கவில்லை. வெறும் கோடு போட்ட காகிதத்தை விற்றுப் பெரிய கம்பெனியே நடத்தினார்.

மேதலின் வியோனே என்று பாரிஸில் ஓர் அம்மையார். ஏழை வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே தையல் வேலைக்குப் போனவர். துணியைக் குறுக்காக வெட்டி உடம்போடு வழிய விடுகிற வெட்டில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சின்ன மர பொம்மையின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றித்தான் முதல் மாதிரியை உருவாக்குவார். காப்பியடிக்கிறவர்கள் தொல்லை தாங்காமல் என்ன செய்தார் தெரியுமா? தன் ஒவ்வொரு உடுப்பையும் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று பக்கமும் போட்டோ எடுத்துப் பதிவு வைத்தார். லேபிளில் கையெழுத்தோடு தன் விரல் ரேகையையும் வைத்தார். அதோடு நிற்கவில்லை. தன்னிடம் வேலை பார்த்த தையல்காரப் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை, பிரசவ விடுப்பு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம், டாக்டர் வசதி எல்லாம் கொடுத்தார். வெட்டின் மதிப்பு தெரிந்தவருக்கு வெட்டுகிற கையின் மதிப்பும் தெரிந்திருந்தது.

நம் ஊரில் 'கைநாட்டு' என்றால் படிக்காதவன் என்று இளக்காரம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கைமடிக்கிற பையனாக உள்ளே வந்து, கட்டிங் டேபிளில் இருபது வருஷம் நின்று மாஸ்டரானவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் போட்ட கோட்டில் லண்டனிலும் பாரிஸிலும் ஜனங்கள் உடுத்திக்கொண்டு நடக்கிறார்கள். அந்த உடுப்பில் எங்காவது இவர்கள் ரேகை இருக்கிறதா? ரேகையை விடுங்கள், கம்பெனியின் சாம்பிள் ரெஜிஸ்டரிலாவது 'பேட்டர்ன் போட்டவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதா?

* * *

சட்டம் காப்பாற்றாதா? சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 15, உட்பிரிவு 2. டிசைன் சட்டத்தின் கீழ் பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, அதை வைத்துத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருள் செய்துவிட்டால், அதன் காப்புரிமை அத்தோடு காலி. ஐம்பது! திருப்பூரில் ஒரு லைன் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அடுத்த டீக்குள் ஐம்பதைத் தாண்டிவிடும். 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பெரிய டிசைனர் நிறுவனமே இந்தப் பிரிவில் அடிபட்டுப்போனது. 2000-ம் வருஷத்து டிசைன் சட்டப்படி பதிவு செய்தால் 10 வருஷம் பாதுகாப்பு, நீட்டித்தால் இன்னும் 5. ஆனால் அது புதுமையான டிசைனுக்குத்தான். வட்டக் கழுத்து டி-ஷர்ட்டை நான்தான் கண்டுபிடித்தேன் என்று யாரும் போய் நிற்க முடியாது. போதாக்குறைக்கு, சாம்பிளும் பேட்டர்னும் பையருக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும்.

அதனால்தான் சட்டத்தை நம்பிக்கொண்டிருக்காதீர்கள், பில்லை நம்புங்கள் என்கிறேன். உரிமை கேட்டால் வக்கீல் வேண்டும். கூலி கேட்க ஒரு பில் புத்தகம் போதும்.

'கேட்டால் பங்களாதேஷுக்குப் போய்விடுவான், வியட்நாமுக்குப் போய்விடுவான்.' இதுதான் அடுத்த பதில். பங்களாதேஷ் எதற்கு, பக்கத்துத் தெருவுக்கே போய்விடுவான் என்பதுதான் நிஜமான பயம். ஒருத்தர் பில் போட்டால் பையர் பக்கத்துத் தெருவுக்குப் போவார், சந்தேகமில்லை. தெருவே பில் போட்டால்? இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஊரிலிருந்து போகிறது. 1990-லிருந்து ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சாலை கேட்க, தண்ணீர் கேட்க, வரிச் சலுகை கேட்கச் சேர்ந்து டெல்லிக்குப் போகத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் சரக்கின் மூளைக்கு விலை கேட்கச் சேர்ந்து நிற்கத் தெரியாதா?

இத்தனை வருஷம் கேட்காமல் பணிந்து இருந்ததற்காவது பையர் விசுவாசம் காட்டினாரா? 2020-ல் கொரோனா வந்தபோது, வெட்டி வைத்த துணியோடு ஆர்டரை ரத்து செய்தவர்கள் எத்தனை பேர்! பங்களாதேஷில் மட்டும் ரத்தான, நிறுத்திவைக்கப்பட்ட ஆர்டர்களின் மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டியது என்று அங்கிருந்த சங்கம் சொன்னது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, வரியில் பாதியை நீ சுமந்துகொள் என்கிற தோரணையில் தள்ளுபடி கேட்டார்கள். ஓசியில் கொடுத்தால் உறவு வளரும் என்பது வியாபாரத்தில் கிடையாது. ஓசியில் கொடுத்தால் அடுத்த தடவையும் ஓசியில் கேட்பார்கள். அது மட்டும்தான் வளரும்.

மூன்றாவது பதில் புதுசு. 'இனிமேல் துணியே வெட்ட வேண்டாம் சார். கம்ப்யூட்டரிலேயே ஒரு பொம்மைக்கு உடுப்பை மாட்டிக் காட்டிவிடலாம்.' நல்ல விஷயம்தான். துணி மிச்சம், கூரியர் மிச்சம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பொம்மை போட்டுக்கொள்வதும் பேட்டர்னைத்தான். கோடு தப்பாக இருந்தால் பொம்மைக்கும் அக்குள் பிடிக்கும். இதில் ஒரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்ட யாரும் முகம் சுளிப்பதில்லை. கோடு போடுகிற மெஷினுக்குக் கூலி உண்டு. கோடு போடத் தெரிந்தவனுக்குக் கிடையாது.

* * *

உங்கள் உடம்புக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா?

தி.நகரில் ரெடிமேட் கடையை விட்டு வெளியே வந்ததும் நாலு எட்டில் ஒரு ஆல்டரேஷன் கடை இருக்கும். புத்தம் புது சட்டையைப் பிரித்து, கை நீளத்தைக் குறைத்து, இடுப்பைப் பிடித்து, பேன்ட்டில் அரை ஜாண் வெட்டி எறிவார்கள். முழு விலை கொடுத்து வாங்கின பொருளை வாங்கின அன்றைக்கே ரிப்பேருக்குக் கொடுக்கிற அதிசயத்தை வேறு எந்தச் சாமானிலாவது பார்த்திருக்கிறீர்களா? 'என் உடம்பு வாகு அப்படி' என்று நாம் நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம். உங்கள் உடம்பில் குறையில்லை. அந்த உடுப்பின் அளவு அட்டவணை உங்கள் ஊர் உடம்பைப் பார்த்துப் போடப்பட்டதில்லை. வெளிநாட்டு அளவுகளை எடுத்து, அங்கே இங்கே தட்டி, ஒவ்வொரு பிராண்டும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரு கடையில் எம் ஆக இருக்கிற நீங்கள் எதிர்க் கடையில் எக்ஸ்எல் ஆகிவிடுகிறீர்கள்.

அமெரிக்க அரசாங்கத்தின் விவசாயத் துறை, ஆமாம், விவசாயத் துறைதான், 1939-40-ல் சுமார் 15,000 பெண்களை நிற்க வைத்து, ஆளுக்கு 59 அளவு எடுத்தது. 1941-ல் அதைப் புத்தகமாகவே போட்டது. அந்தக் கணக்கெடுப்பிலும் ஓட்டைகள் உண்டு. கடைசிக் கணக்கில் வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும், பேட்டர்ன் போடுகிறவனுக்கு ஜனங்களின் உடம்பு தெரியணும் என்கிற எண்ணமாவது அப்போதே இருந்தது. நம் ஊரில் நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் கல்லூரி 1986-ல் வந்தது. சென்னைக்கு 1995-ல் வந்தது. 'இந்தியா சைஸ்' என்ற பெயரில் 6 நகரங்களில் 25,000 பேரை அளக்கிற திட்டம் அறிவிக்கப்பட்டது 2018-ல். அமெரிக்கப் புத்தகம் வந்து 77 வருஷம் கழித்து! இங்கிலாந்துக்காரன் தோள் எத்தனை இஞ்ச், ஜெர்மன்காரக் குழந்தையின் தலை எத்தனை சுற்று என்று இருட்டில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மாஸ்டர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மதுரைக்காரர் தோளை அளக்க அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை.

இரண்டும் ஒரே வியாதிதான். பேட்டர்ன் போடுவது ஒரு வேலை, அதற்கு ஒரு விலை உண்டு என்று நாம் ஒத்துக்கொள்ளவில்லை. விலை இல்லாத வேலையில் யார் பணம் போடுவார்கள்? எந்தப் பையன் அதைக் கற்றுக்கொள்ள வருவான்? இன்றைக்கு பேட்டர்ன் மாஸ்டரின் மகனிடம் என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். இன்ஜினீயரிங் என்பான், கேட்டரிங் என்பான். அப்பா தொழிலைச் சொல்ல மாட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

* * *

கோபப்பட்டுவிட்டு ஓடிப்போகிற பழக்கம் எனக்கு இல்லை. என்ன செய்யணும் என்றும் சொல்கிறேன். மூன்றே விஷயம்.

ஒன்று. முதல் அட்டை வெட்டும்போதே 'டெவலப்மென்ட் சார்ஜ்' என்று தனியாக ஒரு பில். ஆர்டர் வந்தால் சரக்கு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் வந்த பணம் உங்களுடையது. பாரிஸ்காரன் வாசலில் வாங்கின அதே கோஷன்தான். ஒழுங்கான பையருக்கு இதில் ஒரு பைசா நஷ்டமில்லை. நூறு ஸ்டைல் செய்ய வைத்து இருபதை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு மட்டும்தான் வலிக்கும். அவருக்கு வலிக்கத்தான் வேண்டும். இதைச் சங்கம் சேர்ந்து முடிவு செய்யணும், ஒரே தேதியிலிருந்து எல்லோரும் ஆரம்பிக்கணும்.

இரண்டு. சாம்பிள் ரூமை ஓவர்ஹெட்டிலிருந்து வெளியே எடுத்துத் தனிக் கணக்கு எழுதுங்கள். எவ்வளவு செலவு, எத்தனை ஸ்டைல் ஆர்டரானது, மாஸ்டரால் எவ்வளவு துணி மிச்சமானது என்று வரவு பக்கமும் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால்தான் அந்த அறை செலவு வைக்கிறதா, சம்பாதித்துக் கொடுக்கிறதா என்று முதலாளிக்கே தெரியும்.

மூன்று. ஒவ்வொரு பேட்டர்ன் அட்டையிலும் அதைப் போட்டவர் பெயர், தேதி. சாம்பிள் டேக்கில் தைத்தவர் பெயர். காசு செலவில்லாத காரியம். ஒரு பேனா போதும். நாளைக்கு அவர் வேறு கம்பெனிக்குப் போனால், 'இத்தனை ஸ்டைல் நான் போட்டது' என்று காட்ட அவர் கையில் ஏதாவது இருக்கணும். கல்லூரியில் மூன்று வருஷம் படித்த பிள்ளைக்கு சர்டிஃபிகேட் இருக்கிறது. இருபது வருஷம் நின்றவருக்கு முட்டி வலி மட்டும்தான் இருக்கிறது.

இதில் வாசகர்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உங்கள் பிள்ளை ஃபேஷன் டிசைனிங் படிக்க ஆசைப்பட்டால், ராம்ப்பில் நடக்கிற படத்தைக் காட்டிச் சேர்த்துவிடாதீர்கள். 'பேட்டர்ன் மேக்கிங் எத்தனை மணி நேரம் சொல்லித்தருகிறீர்கள், யார் சொல்லித்தருகிறார்கள், அவர் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றவரா?' என்று அந்தக் கல்லூரியில் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் ஃபீஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

திருப்பூர் முதலாளிகளுக்கும் கடைசியாக ஒரு வார்த்தை. நீங்களும் ஒரு காலத்தில் கட்டிங் டேபிளில் நின்றவர்கள்தான். உங்களில் பாதிப் பேர் அதைப் பெருமையாகவே பேட்டிகளில் சொல்கிறீர்கள். அந்தப் பெருமைக்கு ஒரு விலை போட்டு, அடுத்த சீசன் முதல் சாம்பிளோடு சேர்த்துக் கூரியரில் அனுப்புங்கள். பையர் கோபித்துக்கொண்டு போனால், அவர் இத்தனை நாள் வந்தது எதற்காக என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.